ஒரு வரிகூடத் தொலையக் கூடாது

சோதனைக் கணினி மறுபடியும் செத்தது. ஏன் செத்தது என்று சொல்ல ஒரு வரிகூட இல்லை.

"ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுதுறோம்னு பேரு. சாகும்போது காரணத்தைச் சொல்லிட்டுச் சாகத் தெரியல," என்றார் மேலாளர்.

அந்தக் குத்து லாக் அக்காவுக்கு. கணினிக்குள் ஓடும் புரோகிராம்கள் "இது நடந்தது, அது நடந்தது" என்று அனுப்பும் செய்திகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக 'லாக்' என்ற குறிப்பேட்டில் எழுதி வைப்பது அவள் பிரிவு. பட்டப்பெயர் வந்ததும் அதனால்தான். வரிசைக்கு அவள் வைத்த வரம்பு ஆயிரம். நிறைந்தபின் வந்ததெல்லாம் குப்பைக்குப் போனது. கடைசி வாக்குமூலமும் அதோடு போனது.

"ஒரு வரிகூடத் தொலையக் கூடாது. நம்ம சிஸ்டத்தை வாங்கறவன் எவனும் இந்த வரம்பை மாத்தப் போறதில்ல, நாம வெச்சதுதான் கடைசிவரைக்கும். சாயங்காலத்துக்குள்ள சரியான எண்ணைச் சொல்லுங்க. இல்லேன்னா மேதாவிகிட்ட கொடுத்துடறேன்."

பக்கத்து மேஜை மேதாவி நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டான். மூன்று வருடம் பிள்ளைபோல் வளர்த்ததை இவனிடம் தூக்கிக் கொடுப்பதா?

அக்கா வரம்பைப் பத்து லட்சமாக்கினாள். வரிசை நினைவகம் முழுவதையும் தின்று ஏப்பம் விட்டது. கணினி அசையவே இல்லை.

"விருந்தாளி கூடத்துல படுக்கலாம் அக்கா. அடுப்படி வரைக்கும் படுத்துட்டா சமைக்கறது எங்க?" என்றாள் சோதனை செய்யும் பெண்.

சரி, அவசரச் செய்திக்குத் தனி வழி விடுவோம் என்று அக்கா எல்லாப் பிரிவுக்கும் அறிவித்தாள். அவ்வளவுதான். 'மின்விசிறி வழக்கம்போல் சுற்றுகிறது': அவசரம். 'மவுஸ் அசையவில்லை': அதுவும் அவசரம். தனி வழியும் அடைத்துக்கொண்டது.

"நானும் என்னோடதுக்கு அவசரம்னு போட்டுட்டேன்," என்றார் மேலாளர். புரோகிராம் எழுதிய பழக்கம் கைவிட்டுப் போகக் கூடாதென்று அவரும் ஒரு மேற்பார்வை புரோகிராம் எழுதி ஓடவிட்டிருந்தார்.

"விட்டுடுங்க அக்கா, நான் பார்த்துக்கறேன்," என்று மேதாவி தேன் ஒழுகச் சொன்னான்.

அதுதான் அக்காவை உசுப்பியது. வருவது வரட்டும் என்று மேலாளரின் கட்டளையைத் தூக்கிப் பரணில் போட்டாள். இனி ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனியாக ஆயிரம். அதற்கு மேல் கத்தினால் கத்தியவன் செய்தி மட்டும் கழியும்; 'இன்னாருடையது, இத்தனை கழிந்தது' என்று ஒற்றை வரி நிற்கும். அடுத்தவன் பங்கில் எவனும் கைவைக்க முடியாது.

கணினி ஜம்மென்று ஓடியது. சோதனைப் பெண் வேண்டுமென்றே அதைக் கொன்றாள். காரணத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டுச் செத்தது. இன்னொரு தரம் கொன்றாள், அப்போதும் சொன்னது. அறையே கைதட்டியது. மேதாவியின் நாற்காலி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. அக்காவுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை.

"பார்த்தீங்களா, ஒரு வரிகூடத் தொலையல. நான் காலையிலேயே சொன்னேன்ல?" என்றார் மேலாளர்.

"தொலைஞ்சுது சார். மூட்டை மூட்டையாக் கழிச்சிருக்கேன். அதனாலதான் ஓடுது."

மேலாளர் முகம் மாறியது. "அவ்வளவு கத்தினது எந்த மடையன்? காலையிலேர்ந்து நம்ம உயிரை வாங்கினது அவன்தானா?"

சோதனைப் பெண் திரையைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள்.

"உங்களோடதுதான் சார். 'மேலாளர் கவனித்துக்கொண்டிருக்கிறார்'னு ஒரே வரி, விடாம வந்துட்டே இருக்கு."