பள்ளத்தாக்குக்குப் போகாமல் இருக்க ஒரு பயணத் திட்டம்

எங்கள் முதல் கல்யாண நாள் பயணத்தை எப்பாடுபட்டாவது நடக்கவிடாமல் செய்வது என்று நான் உறுதி எடுத்துக்கொண்டேன். இப்படி ஓர் உறுதி எடுத்த முதல் கணவன் நானாகத்தான் இருப்பேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். முதல் ஆளாக இருப்பது எனக்குப் பழகிப்போன கஷ்டம்.

விஷயம் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தது. என் மனைவி தன் போனை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். திரையில் ஒரு படம். ஓர் ஆறு பாறையை அறுத்து அறுத்து, அடி தெரியாத பள்ளமாக்கி வைத்திருந்தது. அந்தப் பள்ளத்தின் விளிம்பை ஒட்டி ஒரு ரோடு. ரோட்டில் எறும்பு மாதிரி ஒரு மோட்டார் சைக்கிள்.

"தேசியப் பூங்காவாம். அழகா இருக்குல்ல?"

"ரொம்ப அழகு" என்றேன். படத்தை அழகு என்று சொல்வதில் ஆபத்தில்லை என்று நினைத்தேன்.

"கல்யாண நாளுக்கு இங்கதான் போறோம். நம்ம பைக்ல."

"ஓ, போயிடலாமே!"

சொன்னது என் வாய். கால்களைக் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். மேசைக்கு அடியில் அவை அப்போதே ஆடிக்கொண்டிருந்தன.

நான் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இழப்பீட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். உலகத்தில் நடக்கும் விபத்தெல்லாம் சுற்றிச் சுற்றி என் மேசைக்குத்தான் வரும். 'வளைவில் கட்டுப்பாட்டை இழந்து' என்று தொடங்கும் வாக்கியத்தைப் படிக்காமல் நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்த நாள் கிடையாது. அதற்கு முன்பும் நான் ஒன்றும் வீரனில்லை. வீட்டில் என்னை ஒருவனைப் படிக்கவைக்க மற்ற எல்லாரும் உழைத்தார்கள். அதனால் நான் மரத்தில் ஏறக் கூடாது, குளத்தில் இறங்கக் கூடாது, சைக்கிளில் இரண்டு கையையும் விடக் கூடாது. எனக்கு ஒன்று ஆனால் இத்தனை பேர் உழைப்பும் போச்சு. கண்ணாடிச் சாமான் பெட்டியை இறக்குவதுபோல என்னைக் காலேஜ் வாசலில் இறக்கிவிட்டார்கள். அந்தப் பெட்டியிலிருந்து நான் இன்னும் வெளியே வரவில்லை.

'எனக்குப் பயமா இருக்கு' என்று அவளிடம் சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் என் மனைவி பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை பயந்து நடுங்குகிறவர்களைப் பிடித்து உட்காரவைப்பதுதான் அவளுக்கு வேலை. வீட்டுக்கு வந்தும் ஒருத்தனைப் பிடித்து உட்காரவைக்க வேண்டுமா? கல்யாணமாகி ஒரு வருடம்கூட முடியவில்லை. அவள் பார்வையில் நான் இன்னும் ஒரு ஆம்பளையாகத்தான் இருந்தேன். அதைக் காப்பாற்றியாக வேண்டும். உயிரையும் காப்பாற்றியாக வேண்டும். இரண்டுக்கும் ஒரே வழிதான் தெரிந்தது.

"பயணத் திட்டம் முழுக்க நான் போடுறேன். நீ எதுலயும் தலையிடாதே" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. பாவம், நான் திட்டம் போடுவது போவதற்கு அல்ல என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

மறுநாளே வேலையைத் தொடங்கினேன்.

"அங்க மண் சரியுமாம்."

"மழைக்காலத்துல. இப்போ வெயில்."

"மூடுபனி இருக்குமாம். பக்கத்துல நிக்கிற ஆள்கூடத் தெரிய மாட்டாங்களாம்."

"நீங்க பின்னாடியே இருந்தா எனக்கு எதுக்குத் தெரியணும்?"

"காட்டு மிருகம் இருக்கு."

"அதுங்களைப் பார்க்கத்தானே போறோம்!"

"போன மாசம்கூட ஒரு ஃபைல் வந்தது. இதே மாதிரி ரோடு. இதே மாதிரி புருஷன் பொண்டாட்டி..."

"ஏங்க, பத்திரமா போயிட்டுப் பத்திரமா திரும்பி வந்தவங்க உங்க ஆபீசுக்கு எதுக்கு வரப்போறாங்க?"

இத்தனை வருடப் படிப்பில் இப்படி ஒரு கேள்வி எனக்கு வந்ததில்லை. அடுத்த ஆயுதத்தை எடுத்தேன்.

"பஸ்ல போனா என்ன? நிம்மதியா உட்கார்ந்துக்கிட்டே போகலாம்."

அவள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: "நாள் முழுக்க ஜன்னல் இல்லாத ரூம்ல நிக்கிறேன். குனிஞ்சு குனிஞ்சு அடுத்தவங்க வாயைத்தான் பார்க்கிறேன். ஒரு தடவையாவது, ஆழமா இருக்கிற வேற எதையாவது, காத்து முகத்துல அடிக்கப் பார்க்கணும். அவ்வளவுதாங்க ஆசை."

அந்த நொடியில் 'சரி, போகலாம்' என்று மனதாரச் சொல்லியிருப்பேன். ஆனால் திரும்பவும் அந்தப் படத்தைக் காட்டினாள். ரோட்டோரத்தில் தடுப்புச் சுவர் இல்லை. போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன்.

அடுத்ததாக ஏர் பிரேக்கைத் தேடிப் போனேன். ஏர் பிரேக் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். மலைப் பாதையில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். எதைச் சொன்னாலும் முதலில் பஸ் பிரேக் மாதிரி 'உஸ்' என்று ஒரு நீண்ட மூச்சு விட்டுவிட்டுத்தான் சொல்வார். அதனால் தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும்.

"அண்ணே, ஒரு உதவி. வீட்டுக்கு வந்து மலை ரோட்டைப் பத்தி நாலு வார்த்தை சொல்லணும். கேட்டதும் அவளுக்கு வயித்தைக் கலக்கணும்."

"உஸ்... உனக்குக் கலக்குதாக்கும்?"

"எனக்கென்ன அண்ணே! அவளை நினைச்சுத்தான் கவலை."

"கவலைப்படாதே தம்பி. நான் சொன்னா தங்கச்சி மாடிப்படி ஏறவே யோசிக்கும்."

சாயங்காலம் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். டீயை ஒரு வாய் குடித்தார். நல்லபடியாகத்தான் ஆரம்பித்தார்.

"உஸ்... அந்த ரோடு இருக்கே தங்கச்சி, இந்தத் தட்டு அகலம்தான். இந்தப் பக்கம் பாறை. அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லை. சும்மா காத்து."

நான் தட்டைப் பார்த்தேன். வயிறு என்னவோ செய்தது. எனக்குத்தான்.

"அப்போ வளைவுல எப்படிண்ணே திருப்பணும்?" என்று கேட்டாள் என் மனைவி.

அவ்வளவுதான். மனிதர் கண்ணில் விளக்கு எரிந்தது. ஓய்வு பெற்றபிறகு அவரை யாரும் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை போலிருக்கிறது. கரண்டியை எடுத்து மேசையில் வைத்தார். டம்ளரைப் பாறையாக்கினார். உப்பு டப்பாவை பைக்காக்கினார்.

"வளைவுக்குள்ள போகும் முன்னாடியே வேகத்தைக் குறைச்சிடணும். உள்ள போய் பிரேக்கைப் பிடிக்கக் கூடாது. பள்ளத்தைப் பார்க்கவே கூடாது. கண்ணு எங்க போகுதோ வண்டி அங்கதான் போகும்."

"பார்க்கணும்னுதானே போறோம்?"

"நிறுத்திட்டுப் பாரு தங்கச்சி! நல்லா பாரு! சாயங்கால வெயில்ல அந்தப் பாறை சிவந்து நிக்கும் பாரு... நான் எத்தனை தடவை பஸ்ஸை ஓரம் கட்டியிருக்கேன். ஆளுங்க திட்டுவாங்க. திட்டட்டுமே!"

மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். மிதிபட்ட கால் என் மனைவியுடையது.

"என்னங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்லை. உப்பு விளிம்புக்கு வந்துடுச்சு. எடுத்து உள்ள வை" என்றேன்.

கிளம்பும்போது ஏர் பிரேக் வாசலில் என் தோளைத் தட்டினார். "தங்கச்சி கேட்ட கேள்வியெல்லாம் பார்த்தியா தம்பி? ஓட்டுறவங்க கேக்கற கேள்வி." என் தலைக்குள் அப்போது ஒரு உப்பு டப்பா பள்ளத்தில் உருண்டுகொண்டே இருந்ததால், அதன் அர்த்தம் எனக்கு எட்டவில்லை.

பயணத்துக்கு முந்தின நாள் காலை. அவள் லீவு போட்டுவிட்டாள். பை தயார். பைக் கழுவித் துடைத்து வாசலில் நின்றது. அதன் கண்ணாடியில் என் முகம் வெளுத்துத் தெரிந்தது. கடைசி ஆயுதத்தை எடுக்கும் நேரம் வந்துவிட்டது: உடம்பு சரியில்லை.

இதில் நான் நிதானமாக யோசித்தேன். காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்ப்பாள். வயிற்றுவலி என்றால் கஷாயம் தருவாள். வெளியே தெரியாத வலி வேண்டும், யாரும் எட்டிப் பார்க்க முடியாத வலி. பல்வலி! அவளே லீவில் இருக்கிறாள், டாக்டரிடம் இழுத்துப் போக மாட்டாள். பல்வலிக்காரர்களின் பாடு அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். பார்த்ததும் மனமிரங்கிவிடுவாள். படித்தவன் இப்படித்தான் யோசிப்பான். படிக்காதவன் யாரும் பல் டாக்டரின் உதவியாளரிடம் போய்ப் பல்வலி என்று நடிக்க மாட்டான்.

இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன்.

"என்னாச்சுங்க?"

"பல்லு. குத்துது, குடையுது, மண்டைக்குள்ள மின்னல் மாதிரி வெட்டுது. இந்த நிலைமையில எப்படி பைக்ல... சே, என்னால உன் ஆசை கெட்டுச்சே!"

அவள் கட்டிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு ரொம்பக் கனிவாகப் பேசினாள். அந்தக் கனிவைக் கேட்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"ஐயோ பாவம். வாயைத் திறங்க... சரி, சட்டையை மாத்துங்க. டாக்டர்கிட்டப் போகலாம்."

"இல்லை இல்லை, படுத்தா சரியாயிடும்!"

"மின்னல் வெட்டுறது படுத்தா எப்படிங்க சரியாகும்?"

அடுத்து எனக்கு நினைவிருப்பது அந்த ஜன்னல் இல்லாத அறை. நாற்காலி என்னைச் சாய்த்தது. என் கண்ணாடி, என் போன், எல்லாம் அவள் கையிலிருந்த தட்டுக்குப் போயின. மேலே விளக்கு. பக்கத்தில், துணி விரித்த தட்டில், பார்க்கக் கூடாத சாமான்கள். அவள் முகமூடி கட்டிக்கொண்டு நின்றாள். கண்கள் மட்டும் தெரிந்தன.

டாக்டர் வயதானவர், சாந்தமானவர். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"டாக்டர், எனக்கு வலி இல்லை" என்றேன்.

"இந்த நாற்காலியில உட்கார்ந்ததும் எல்லாருக்கும் வலி நின்னுடும் தம்பி."

"நிஜமாவே இல்லை! நான் சொன்னது பொய்!"

"அதையும் எல்லாரும் சொல்லுவாங்க."

"எனக்குப் பயம் டாக்டர்! அந்தப் பள்ளத்தாக்கு..."

"ஆமாம், பள்ளம்தான். பெரிய பள்ளம். கடைவாய்ப் பல்லு உள்ளேயே செத்துப்போயிருக்கு, அதனாலதான் வலி தெரியலை. இன்னும் விட்டா தாடை வீங்கிடும்." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "நீ சொன்னது சரிதாம்மா. எப்படிக் கண்டுபிடிச்சே?"

"கல்யாணம் ஆனதிலிருந்து இவர் இடது பக்கம் மெல்லுறதே இல்லை டாக்டர். எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்துட்டேன், நழுவிடுவாரு. இன்னிக்குத்தான் தானா வந்திருக்காரு."

நான் எழ முயன்றேன். அவள் ஒரு கையால் என் தோளைப் பிடித்தாள். இறுக்கிப் பிடிக்கவில்லை. ஆனால் எழ முடியவில்லை. தொழில்காரக் கை. இன்னொரு கையால் என் விரல்களைப் பற்றிக்கொண்டாள். ஊசி வந்தது. நான் கண்களை மூடிக்கொண்டேன். பள்ளத்தாக்கு, ரோடு, ஃபைல்கள், தட்டு அகலம், எல்லாம் கண்ணுக்குள் சுழன்றன. எங்கேயோ ஒரு சத்தம். என் தலைக்குள்தான்.

"முடிஞ்சது" என்றார் டாக்டர். "பஞ்சைக் கடிச்சுக்கோங்க. அரை மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு வாரம் எங்கேயும் அலையக் கூடாது."

ஒரு வாரம் அலையக் கூடாது! கன்னம் மரத்து, கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்த அந்த நிலையிலும் எனக்குள் ஒரு நிம்மதி. ஒரு பல் போனது, உயிர் தங்கியது. மலிவுதான்.

டாக்டர் கை கழுவப் போனதும் அவள் முகமூடியை இறக்கினாள். என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்குப் பயம்னு எனக்கு முதல் நாளே தெரியுங்க. மேசை ஆடிச்சே."

அன்று ஆடிய என் கால்கள்தான் காட்டிக்கொடுத்திருந்தன.

"இதைச் சொல்றதுல என்ன வெட்கம்? பயந்தவங்களைக் கையைப் பிடிச்சு அந்தப் பக்கம் கொண்டு போய் விடுறதுதானே என் வேலையே. வண்டியை நான் ஓட்டுறேன். கல்யாணத்துக்கு முன்னாடி அண்ணன் வண்டியில நான் போகாத ரோடு கிடையாது. நீங்க பின்னாடி கண்ணை மூடிக்கிட்டு உட்காருங்க. நிறுத்தும்போது சொல்றேன், அப்போ திறங்க."

தலையை வேகமாக இரண்டு பக்கமும் ஆட்டினேன்.

"தலையை ஆட்டாதீங்க, ரத்தம் வரும்."

கையைத் தூக்கினேன். அந்தக் கையில் ஐஸ் பையை வைத்துக் கன்னத்தோடு அழுத்தினாள். "இப்படியே பிடிச்சுக்கோங்க. எடுக்கக் கூடாது." இன்னொரு கை அவள் பிடியில் இருந்தது. எழுதிக் காட்டலாம் என்றால் போன் தட்டில் இருந்தது. தட்டு அந்தக் கோடியில் இருந்தது.

"லீவை அடுத்த வாரத்துக்கு மாத்திக்கிறேன். அதுக்குள்ள காயம் ஆறிடும். உங்களுக்கு வேணாம்னா இப்பவே வாயைத் திறந்து சொல்லிடுங்க, நான் கட்டாயப்படுத்த மாட்டேன்."

அரை மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பள்ளத்தாக்கு ஓரத்தில் ரூம் போட அவளுக்கு அதில் பாதிகூடத் தேவைப்படவில்லை.