"மோசமில்லை" பதினோரு முறை

அரசு வேலையாகச் சூதாட்ட நகரத்துக்குப் போகும் ஊழியர் எவரும் அங்கே மகிழ்ச்சி அடையலாகாது என்று மினசோட்டா மாநில லிஃப்ட் ஆய்வுத் துறை ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. உணவு உண்ணலாம், ரசிக்கலாகாது. உறங்கலாம், சுகமாக உறங்கலாகாது. மீறுவோர் பதவி உயர்வுக்குத் தகுதி இழப்பர்.

காரணம் நாங்கள்தான். முந்தைய வருஷம் லாஸ் வேகஸில் நடந்த லிஃப்ட் ஆய்வாளர் மாநாட்டில் துறை ஆய்வாளர்கள் கூட்டமாகக் கையில் நண்டுக்காலோடு சிரித்த புகைப்படம் பேப்பரில் வந்துவிட்டது. வரி கட்டுகிறவர்கள் சும்மா இருப்போமா? கொதித்துப்போய்க் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினோம்.

அந்தப் படத்தில் இல்லாத ஒரே ஆய்வாளர் வெர்னா ஹாக்லுண்ட். அன்று அவளுக்குப் பல்வலி. இருபத்துநாலு வருஷம் லிஃப்ட் குழிகளில் இறங்கி ஏறியவள். தலைமை ஆய்வாளர் நாற்காலி அடுத்த மாதம் காலியாகிறது, வரிசையில் அவள்தான் முதல். அந்த நாற்காலி வேண்டும் என்று அவள் வெளிப்படையாகவே ஆசைப்பட்டாள். அதே ஊரில் நடக்கும் இந்த வருஷ மாநாட்டுக்கு அவளை அனுப்பி, அவள் மகிழவில்லை என்று சான்று எழுத ஒழுக்கப் பிரிவிலிருந்து கர்ட்டிஸ் நைகார்டையும் கூட அனுப்பினார்கள். அவள் தின்பதையெல்லாம் அவனும் தின்று பார்க்க வேண்டும். அவன் ரசிக்கிறானா என்று பார்க்கச் சாட்சிக்கு ஒரு சாட்சி அனுப்ப விதியில் இடமில்லை.

முதல் நாள் மதியம், ஓட்டலில் வெண்ணெய் சொட்டும் மாட்டிறைச்சி வந்தது. வெர்னா ஒரு வாய் வைத்தாள். பரிமாறுகிறவர் குனிந்து, "எப்படி இருக்கு மேடம்?" என்றார்.

"மோசமில்லை" என்று வாய்தவறி வந்துவிட்டது.

எங்கள் ஊரில் அதற்கு மேல் புகழ்ச்சி கிடையாது. வெர்னாவின் கணவர் ராய், கல்யாணத்தன்று அவளைப் பார்த்து அதைச் சொல்லிவிட்டு வெட்கம் தாங்காமல் வெளியே போய் நின்றவர். கர்ட்டிஸ் பேனாவைத் திறந்தான்.

ஆனால் பரிமாறுகிறவர் முகம் செத்துப்போயிற்று. 'அற்புதம்' என்பதற்கு ஒரு படி குறைந்தாலும் அந்த ஊரில் புகார். மேனேஜர் ஓடி வந்தார்.

"மன்னிச்சிடுங்க மேடம். இதைத் தூக்கச் சொல்றேன். சிங்கி இறால் கொண்டு வரட்டுமா?"

"ஐயோ, வேணாங்க."

"கோபத்துல சொல்றீங்க. கொண்டு வர்றேன்."

இறால் வந்தது. வெர்னாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "இது எப்படி மேடம்?" "இதுவும் மோசமில்லைங்க." பழைய ஒயின் வந்தது. அதுவும் மோசமில்லை. அடுத்தடுத்து வந்த ஏழு தட்டும் மோசமில்லை. "ரூமாவது பிடிச்சிருக்கா?" என்று மேனேஜர் கெஞ்சினார். அதையும் மோசமில்லை என்றாள். சாயங்காலத்துக்குள் அவளை நாற்பத்தோராம் மாடியில், நடுவீட்டில் குளியல் தொட்டி வைத்த மாளிகை மாதிரி அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

மேலே போகும் கண்ணாடி லிஃப்டின் கதவை வெர்னா கையால் தடவிப் பார்த்தாள். ஒரு சத்தமில்லை, குலுக்கலில்லை. "ரொம்பவே மோசமில்லை" என்றாள்.

"அதையும் எழுதணும் வெர்னா" என்றான் கர்ட்டிஸ்.

"லிஃப்டைச் சொன்னேம்ப்பா. அது என் தொழில்."

"விதியில லிஃப்டுக்கு விலக்கு இல்லையே."

"அப்போ நான் வாயே திறக்கல."

மறுநாள் வாயைத் திறக்காமல் சாப்பிட்டாள். மனமுடைந்த மேனேஜர் வயலின்காரர் ஒருவரைக் கூட்டி வந்து பக்கத்தில் நிறுத்தினார். கடைசியில் சமையல்காரரே நத்தைமேல் பச்சை நுரை ஊற்றிக் கொண்டு வந்தார். சோப்புத் தண்ணீர் குடித்தது போல இருந்தது.

"வித்தியாசமா இருக்கு" என்றாள் வெர்னா. எங்கள் ஊரில் அதைவிடக் கடுமையாக யாரும் யாரையும் திட்டியதில்லை. சமையல்காரர் நெஞ்சில் கை வைத்துப் பூரித்துப்போய், இன்னும் மூன்று தட்டு அனுப்பினார்.

"இந்த மாதிரி இன்னும் பத்து சொல்லுங்க, தப்பிச்சிடலாம்" என்றான் கர்ட்டிஸ், தன் பங்கு இறாலை உறிஞ்சிக்கொண்டே.

"பொய் சொல்ல வராதுப்பா எனக்கு."

ஊர் திரும்பியதும் மூவர் குழு விசாரித்தது. வெர்னாவுக்கு ஒரே நம்பிக்கை, ஓட்டலிலிருந்து வந்த மன்னிப்புக் கடிதம். 'எங்கள் விருந்தினர் பதினோரு முறை "மோசமில்லை" என்று குறைபட்டுக்கொண்டார். வெட்கித் தலைகுனிகிறோம்.'

தலைவி லுவெல்லா பெர்க்ஸ்ட்ராம் கடிதத்தைக் கீழே வைத்தாள். "பதினோரு தடவையா?"

"அவங்களே மன்னிப்புக் கேட்டிருக்காங்களே" என்றாள் வெர்னா.

"பேரன் பொறந்தப்பகூட நான் ஒரு தடவைதான் சொன்னேன் வெர்னா. ரெண்டு நாள்ல பதினொண்ணா? என்னதான் பண்ணீங்க அங்க?"

நாற்காலி போயிற்று. வெர்னா கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஒரு கைப்பிடி இறாலுக்காக இருபத்துநாலு வருஷம் போனது அநியாயம்தான்.

பிறகு குழு அடுத்த ஆளைத் தேடியது. மற்ற ஆய்வாளர்கள் எல்லாரும் நண்டுக்கால் படத்தில் இருந்தார்கள். துறையில் மகிழ்ச்சிக் கறை படியாத ஒரே மனிதர் கோப்பு அறை குமாஸ்தா ஹார்லன் குவிஸ்ட். அவருக்கு லிஃப்ட் என்றால் குலை நடுக்கம். முப்பது வருஷமாகப் படியேறித்தான் வேலைக்கு வருகிறார். அவரைத் தலைமை ஆய்வாளர் ஆக்கினார்கள்.

தான் நேரில் ஏறிப் பார்க்காத லிஃப்டுக்குச் சான்று தர மனசாட்சி இடம் தராது என்றார் ஹார்லன். நேரில் ஏறவும் மாட்டார். சான்றில்லாத லிஃப்ட் ஓடக் கூடாது என்பது சட்டம். ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகிறார்கள். மாநாட்டுக்கு மட்டும் வருஷாவருஷம் வெர்னாவே போகிறாள். இழக்க ஒன்றுமில்லாத ஆள் வேறு யாரும் துறையில் இல்லை.

இப்போது எங்கள் மாநிலத்தில் ஒரு அதிகாரிகூட மகிழ்ச்சியாக இல்லை. நாங்கள் கேட்டதும் அதைத்தான். லிஃப்ட் மூடியது பற்றிப் புகார் இருந்தால் நேரில் வந்து கொடுக்க வேண்டும். அலுவலகம் பதினான்காம் மாடியில்.