ஜமீனுக்கு ஒரு மாத்திரை

ஜமீன் மாத்திரையைத் துப்பிவிட்டு, பீரோவின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"இறங்குடா ராஜா" என்று கெஞ்சினார் மெக்கானிக். முரண்டு பிடிக்கும் லாரிகளையெல்லாம் வழிக்குக் கொண்டுவந்தவர். ஒரு பூனையிடம் அவருடைய பாச்சா பலிக்கவில்லை.

ஜமீனுக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற வைரஸ். ஆயுசுக்கும் போகாது. மற்ற பூனைக்கு லேசான ஈறு வீக்கமாக வந்து போவது, இதற்கு உயிருக்கே உலை வைக்கும்; அதற்குத்தான் தினமும் மாத்திரை. "இன்னிக்கும் மாத்திரை உள்ளே போகலேன்னா இங்கேயே கூண்டுல வெச்சுக்கணும்" என்று கிளினிக்கில் டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். கூண்டில் போட்டால் அது ஏங்கியே போய்விடும். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் அவருக்கு இருந்த ஒரே துணை அதுதான்.

அவள் இருந்தவரை இந்தப் பாடெல்லாம் அவருக்குத் தெரியாது. அவர் பட்டறைக்குக் கிளம்பிய பிறகுதான் மாத்திரை கொடுப்பாள். சாயங்காலம் வந்து அவர் போடும் சண்டை வேறு விஷயத்துக்கு.

"என் சட்டை பூரா பூனை முடி! அதுக்குப் படுக்க வேற இடமே கிடைக்கலையா?"

"கிடைக்கலையாம். உங்ககிட்ட மனு குடுக்கச் சொல்றேன்" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே, இல்லாத முடிக்கும் சில நாள் சண்டை போட்டிருக்கிறார்.

பட்டறை நாற்றம் பூனைக்கு ஆகாது என்பது அவர் கட்சி. அதனால் குளித்து, சலவைச் சட்டை மாட்டிக்கொண்டுதான் மாத்திரையைத் தொட்டார். அப்படியும் துப்பிவிட்டதே! அவளுடைய சோப்பைத் தேடியெடுத்து, தோல் உரியத் தேய்த்து மறுபடி குளித்தார். ஜமீன் பரணுக்குத் தாவியது.

அவளுடைய பூப்போட்ட ஸ்வெட்டருக்குள் கஷ்டப்பட்டுப் புகுந்தார். அவள் பவுடரையும் அப்பிக்கொண்டார். ஒரு நிமிடம் கண் கலங்கிவிட்டது. பிறகு தொண்டையைச் செருமி, அவள் குரலில், "வாடி தங்கம்" என்றார்.

ஆண் பூனையான ஜமீன் அவரை நகத்தால் கீறிவிட்டுக் கட்டிலுக்கடியில் ஓடியது. ஒரு வழியாகக் கூடைக்குள் அமுக்கி, போட்டது போட்டபடி கிளினிக்குக்கு ஓடினார்.

நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "என்ன சார் இது கோலம்?"

"அவ வாசனை இருந்தா சாப்பிடும்னு பார்த்தேன்மா. அவ மேல அதுக்கு அவ்வளவு உசிரு. என்னைக் கண்டாலே ஆகாது."

நர்ஸம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"வீட்ல உங்க பட்டறைச் சட்டை துவைக்காம ஏதாவது இருக்கா?"

"ஒரு மூட்டையே இருக்கு. எதுக்கு?"

"அம்மாவே என்கிட்ட சொல்லியிருக்காங்க, அவங்ககிட்ட அது வாயே திறக்காதாம் சார். உங்க அழுக்குச் சட்டையைப் போட்டுக்கிட்டுத்தான் தினமும் மாத்திரை குடுப்பாங்க."