ஆறட்டும் பாய்

செஞ்சிக் கோட்டையைக் கட்டியது யார் என்று கேட்டால் எங்கள் ஊரில் ஆளுக்கொரு ராஜா பெயரைச் சொல்லிச் சண்டைக்கு வருவார்கள். ஆனால், செஞ்சிக்காரர்களை அந்தக் கோட்டைப் பக்கம் போக வைத்தது யார் என்று கேட்டுப் பாருங்கள். ஊரே ஒரே குரலில் சொல்லும்: ஆறட்டும் பாய்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. அவர்கள் பஸ் பிடித்து வந்து, வியர்க்க விறுவிறுக்க ராஜகிரி மலை ஏறி, குரங்குக்குப் பயந்துகொண்டே படம் எடுத்துக்கொண்டு போவார்கள். உள்ளூர்க்காரர்களான நாங்கள், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஓட்டிக்கொண்டு போனபோது ஏறியதோடு சரி. அதற்கப்புறம் கோட்டையைப் பார்க்க வேண்டுமென்றால் செல்போனில் பார்த்து, அதற்கு ஒரு லைக்கும் போடுவோம். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும்தான். அதற்கு எழுந்திருக்க வேண்டுமே!

பாய்க்கு பஜாரில் செல்போன் ரிப்பேர் கடை. ஒரு மேஜை, லென்ஸ் வைத்த விளக்கு ஒன்று, ஒரு பெஞ்சு, அவ்வளவுதான் கடை. அவருக்கென்று சொந்தப் பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருக்கக்கூடும். எந்த போனைக் கொடுத்தாலும் அவர் முதலில் சொல்லும் வார்த்தை 'ஆறட்டும்' என்பதால் ஊர் அதையே பெயராக வைத்துவிட்டது.

நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். போன் இல்லாவிட்டால் எனக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. ஒருநாள் என் போன் தொட்டால் அசையவில்லை. ஓடிப்போய் பாயிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கித் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார், பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது மாதிரி.

"செட்டு கொதிக்குது சார். இப்ப தொறந்தா போர்டு பூடும். ஆறட்டும்."

"எவ்ளோ நேரம் பாய் ஆவும்?"

"ஆறுனாதான் தெரியும்."

"அதுவரைக்கும் நான் இன்னா பண்றது?"

"நீங்களும் ஆறுங்க. செட்டிகுளம் பக்கம் ஒரு நடை நடந்துட்டு வாங்க."

முனகிக்கொண்டே கோட்டை அடிவாரத்துக்கு நடந்தேன். போகும் வழியெல்லாம் கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. அடிக்காத மணி காதில் அடித்தது. குளத்தங்கரையில் போய் நின்றால், எதிரே ஒரு மீன்கொத்தி. தலைகீழாகப் பாய்ந்தது, மீனோடு எழுந்தது, கல்லில் உட்கார்ந்து அதை இரண்டு அடி அடித்து விழுங்கியது. படம் எடுக்கக் கையை விட்டேன், பை காலி. வேறு வழியில்லாமல் கண்ணாலேயே பார்த்தேன்.

திரும்பி வந்தபோது போன் தயாராக இருந்தது. பாய் அதை உடனே கொடுத்துவிடவில்லை. கையில் வைத்துக்கொண்டே, "இன்னா பாத்தீங்க?" என்று கேட்டார். மீன்கொத்தியைச் சொன்னேன். "கல்லுல அடிச்சுதா? எத்தால? மூக்காலயா?" என்று ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். ஏதோ மரியாதைக்கு விசாரிக்கிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

அடுத்து மாட்டியவர் கடலை மண்டி முதலாளி. அவர் கோணிச் சாக்கை மூடலாமா வேண்டாமா என்று போனைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். அன்றைக்கும் பாய் கடை வாசலில் நின்று சொட்டச் சொட்ட நனைந்தபடி, "மழை இல்லன்னுதான் போட்டிருக்குது" என்று எங்களிடம் வாதாடினார். நனைந்தது அவர் மட்டுமில்லை, பையிலிருந்த போனும்தான். பாய் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது சிங்கவரம் கேஸ் மொதலாளி. மலைக்கோயில்ல பெருமாளைப் பாத்துட்டு நிதானமா வாங்க" என்று அனுப்பி வைத்தார்.

அவர் போன பிறகு அந்த நனைந்த போனுக்கு உயிர் வந்து மணி அடித்தது. முதலாளியின் சம்சாரம். பாய் எடுத்தார். "மொதலாளி ரொம்ப கொதிச்சுப் போயிருந்தாரும்மா. இப்ப ஆறிட்டிருக்காரு. அப்புறமா பேசுங்க."

ஆட்டோ வந்து நின்ற வேகத்தில் பெஞ்சே ஆடியது. "ஐயோ, எங்க வெந்துச்சு? எந்த ஆஸ்பத்திரி?" என்று அந்த அம்மா அலறிக்கொண்டு இறங்கினார். கையில் தீக்காயத்துக்குப் போடும் களிம்பு. நல்லவேளையாக அப்போதே முதலாளி வந்து சேர்ந்தார். வேட்டி முழுக்க மண், கக்கத்தில் வேரோடு பிடுங்கிய கடலைச் செடிகள்.

"கடலையை மூட்டை மூட்டையா தெனம் பாக்கறேன்டி. செடியைப் பாத்து எத்தினி வருசம் ஆச்சு தெரியுமா? ஒரு விவசாயி சும்மா குடுத்தான். இந்தா, சாப்டு." திட்ட வந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்து பச்சைக் கடலையை உரித்துத் தின்றுகொண்டே திட்டினார்.

உண்மை ஒருநாள் வெளியே வந்தது. நான் போனைக் கொடுத்துவிட்டுக் கிளம்பி, குடையை மறந்ததால் பாதி வழியில் திரும்பினேன். என் போன் ரிப்பேர் முடிந்து தட்டில் ஜம்மென்று கிடந்தது. பாய் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய் இது? சூடும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல!"

பாய் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "சார், கையில செல்லு இல்லாத மனுசன் கடையில நின்னா இன்னா ஆவும்னு உங்களுக்குத் தெரியாது. நிமிசத்துக்கு ஒருதபா 'ஆச்சா பாய், ஆச்சா பாய்'ங்கறான். மூச்சு என் பிடரியில படுது. ஒருத்தன் குனிஞ்சு பாத்து தும்முனான் பாருங்க, கடுகு சைஸ் ஸ்க்ரூ அத்தனையும் ரோட்ல. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், ஆளைக் கெளப்பிட்டுத்தான் செட்டைத் தொறக்கறதுன்னு."

"அப்ப செட்டிகுளம், சிங்கவரம் எல்லாம்?"

"நச்சு எவ்ளோவோ, தூரம் அவ்ளோ. ரொம்ப முடியலன்னா பஸ் ஏத்தி சீயமங்கலம்."

எனக்குச் செட்டிகுளம்தான் என்பதில் ஒரு பெருமை. விஷயம் பஜாரில் பரவிய பிறகு, "அவன் சீயமங்கலம் கேஸுடா" என்று சொன்னால் போதும், ஆள் எப்படிப்பட்டவன் என்று விளங்கிவிடும். போன மாதம் பாய் என்னையும் சிங்கவரத்துக்கு அனுப்பினார். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கடைக்கு நேர் எதிரில் புதுக் கடை வந்தது. கண்ணாடிக் கதவு, ஏசி, சோபா. 'பத்தே நிமிடத்தில் ரிப்பேர்' என்று பளிச்சென்று எழுதியிருந்தது. கடைக்காரன் திண்டிவனத்துப் பையன், தங்கமானவன், வேலையும் சுத்தம். கூட்டம் அங்கே சாய்ந்தது. பாயின் பெஞ்சில் பூனை படுத்தது.

"இந்த மாசத்தோட ஷட்டரை எறக்கிடலாம்னு இருக்கேன் சார்" என்றார் பாய். "சென்னையில மச்சான் கடை இருக்குது. அங்க வந்து குந்துன்னு கூப்புடறான். வூட்லயும் போயிடலாம்னு சொல்றாங்க."

பாய் இல்லாத பஜாரை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. "நீங்களும் உடனே முடிச்சுக் குடுத்துப் பாருங்களேன்" என்றேன்.

மறுநாள் அதையும் செய்தார் மனுஷன். வந்தவர் ஒரு பேக்கரிக்காரர். பிடரியில் அவர் மூச்சு பட, பாய் பல்லைக் கடித்துக்கொண்டு வேலையை முடித்து நீட்டினார். பேக்கரிக்காரர் முகம் வாடிப்போனது.

"அவ்ளோதானா பாய்? நான் எங்கயும் போ வேணாமா?"

"வேணாம். ஆயிடுச்சு."

"இன்னா பாய் இப்டி பண்ணிட்டீங்க! செல்லு ரிப்பேரு, சாயந்தரம் வரைக்கும் கெடைக்க மாட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்ட்டு வந்தேனே. இப்ப எந்த மூஞ்ச வச்சிக்கினு கடைக்குத் திரும்பிப் போறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜுரம் என்றாலும் போன் பண்ணுவார்கள். கல்யாணத்தில் இருக்கிறேன் என்றாலும், 'ஒரே நிமிஷம்' என்பார்கள். செல் ரிப்பேர் என்று சொன்னால் மட்டும்தான் உலகம் நம்மை விடுகிறது. அந்த லீவைக் கொடுக்கிற ஒரே ஆபீஸர் இந்த ஊரில் பாய்தான், அவரையும் மச்சான் கடைக்கு அனுப்பப் பார்த்தோம்.

சேதியை மண்டி முதலாளியிடம் சொன்னேன். அன்றே அவர் வந்து போனை மேஜையில் வைத்தார்.

"இன்னா கம்ப்ளெயிண்ட் மொதலாளி?"

"நல்லா இருக்குது பாய். அதான் கம்ப்ளெயிண்ட்."

பாய் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு போனை எடுத்துக் கன்னத்தில் வைத்தார். "ஆமா, கொதிக்குது. ஆறட்டும்."

அந்த வாரத்திலேயே பெஞ்சிலிருந்த பூனையை எழுப்ப வேண்டியதாயிற்று. எதிர்க்கடையில் பத்து நிமிடத்தில் ரிப்பேர் முடித்துக்கொண்டு, ரோட்டைத் தாண்டி வந்து பாயிடம் போனை ஆறப் போட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. சாயந்தரமானால் செட்டிகுளத்தங்கரையில் வெறுங்கையோடு ஒரு கூட்டம், பேச்சும் சிரிப்புமாக. கடைசியில் ஒருநாள் திண்டிவனத்துப் பையனே தயங்கித் தயங்கி வந்தான்.

"பாய், நம்ம கடையில எல்லாம் பத்து நிமிசத்துல ஆயிடுது. அடுத்தது, அடுத்ததுன்னு வந்துக்கினே இருக்காங்க. செஞ்சிக்கு வந்து இன்னும் மலையைக் கிட்டப் போய்ப் பாக்கல. என் செட்டும் கொஞ்சம் சூடா இருக்குது..."

பாய் அவனைக் கோட்டையின் இன்னொரு மலையான கிருஷ்ணகிரிக்கு அனுப்பினார். மச்சானுக்குப் போன் போட்டு, வரவில்லை என்றும் சொல்லிவிட்டார்.

பையன் திரும்பி வந்ததும், வழக்கம்போல, "இன்னா பாத்தே?" என்றார். மேலே காற்று ஆளைத் தள்ளியதையும், நெற்களஞ்சியத்துக்குள் வௌவால் பறந்ததையும், ஊர் தீப்பெட்டி அடுக்கின மாதிரி தெரிந்ததையும் அவன் சொல்லச் சொல்ல, பாய் வாயைப் பிளந்து கேட்டார். நான் சும்மா இருக்காமல், "நீங்க கடைசியா எப்ப பாய் ஏறுனீங்க?" என்றேன்.

"நானா?" பாய் தட்டைக் காட்டினார். ஊரிலுள்ள அத்தனை போனும் அதில் கிடந்து மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தது. "நான் எங்க சார் போறது? எல்லாரும் விட்டுட்டுப் போனதை யாராச்சும் பாத்துக்கணும்ல?"

பெஞ்சிலிருந்த மண்டி முதலாளி என்னைப் பார்த்தார். நான் பையனைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாய் கடை திறந்த கையோடு மூவரும் போய் நின்றோம். முதலாளி பாதி ஏற்றிய ஷட்டரின் மேல் கன்னத்தை வைத்தார். "யோவ் பாய், கடை கொதிக்குதுய்யா. ஆறட்டும்" என்று இழுத்துச் சாத்தினார். பாய் கத்தினார், கும்பிட்டார், முழங்கால் வலி என்றார். நாங்கள் விடவில்லை.

கிருஷ்ணகிரி உச்சிக்கு வந்ததும் மனிதர் முழங்கால் வலியை மறந்துவிட்டார். தொப்பியைக் காற்று கொண்டுபோகாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கீழே தன் கடையைத் தேடினார், கிடைக்கவில்லை. பிறகு தேடுவதை விட்டுவிட்டு ராஜகிரியையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் காலுக்குக் கீழே ஒரு பருந்து சுற்றியது.

வெயில் ஏறியதும் முதலாளி அவர் தோளைத் தொட்டார். "பாய், போலாமா?"

பாய் தன் கன்னத்தில் தானே உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டார்.

"இருங்க மொதலாளி. இன்னும் ஆறல."

எங்களுக்கும் அவசரம் இல்லை. அந்த நல்ல மனுஷன் ஆறுகிற வரைக்கும், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.