வைக்கோல் கிராணியாரும் சோதனைக் கம்பியும்

மலாக்கா மாநிலம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், வைக்கோலை மாட்டுக்குப் போடாமல் அடுப்பில் ஏற்றி வேகவைத்த மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். எங்கள் ரப்பர் தோட்டத்துப் பெரிய கிராணியார், அதாவது ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா. யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. அது சம்பள நாளில் மட்டும் பயன்பட்டது. மற்ற நாட்களில் அவர் வைக்கோல் கிராணியார். நான் அதே ஆபீசில் சின்னக் கிராணி, அவருக்கு எதிர் மேசை. ஆகவே நடந்ததெல்லாம் என் தலையில்தான் விடிந்தது.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் அது. தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி, ஒரே ஒரு வாசல். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று, பால்மரம் வெட்டப் போகிறவர்கள் ஒரு கவளச் சோறுகூட வெளியே கொண்டு போக முடியாது. அரிசிக்குப் பங்கீடு. மீன்காரன் வருவதும் நின்றுவிட்டது. லயத்துப் பிள்ளைகள் வெறும் சோற்றையும் உப்பையும் பார்த்து முகம் சுளித்தார்கள். இந்தச் சமயத்தில்தான், விழுந்து கிடந்த ஒரு ரப்பர் மரத்தில் சிப்பிக் காளான் பூத்திருப்பதைக் கிராணியார் பார்த்தார். பறித்துச் சமைத்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அவரைப் பற்றி நான் ஏன் எழுதப் போகிறேன்?

பாயா ரும்புட் பக்கத்து மலாய்க் கம்பத்து வயல்களிலிருந்து வைக்கோல் வந்தது. அதை விரல் நீளத்துக்கு நறுக்கி, ஊறவைத்து, லயத்துக் குழாயடியில் எண்ணெய்ப் பீப்பாயில் கொதிக்க வைத்தார். வடித்து ஆறியதும் ஒரு பிடி எடுத்துப் பிழிவார். உள்ளங்கை நனைய வேண்டும், ஆனால் சொட்டு விழக் கூடாது. பிறகு மாவுச் சாக்கில் ஓர் அடுக்கு வைக்கோல், அதன் மேல் காளான் வித்தாக அந்த ரப்பர் மரத்திலிருந்து வெட்டிய வெள்ளை பூத்த துண்டுகள், மறுபடி வைக்கோல் என்று இறுக அடைத்து வாயைக் கட்டுவார். அடைக்கும்போது யாரும் பேசக் கூடாது. வாயிலிருந்து கிருமி விழுமாம். ஒருமுறை, வேலையாட்களை மேய்க்கிற மண்டோர் தும்மிவிட்டார். அந்தச் சாக்கை அவர் கண்முன்னே பிரித்து, மறுபடி வேகவைத்தார்.

சாக்குகளுக்கு இருட்டும் குளிர்ச்சியும் வேண்டும். துரையிடம் கேட்டு, வேலிக்கு வெளியே காலியாகக் கிடந்த ஒரு ஸ்டோரை வாங்கினார். வேலிக்குள்ளிருந்து வெளியே மாவுச் சாக்கு போனால் போலீஸ் என்ன நினைக்கும் என்று அவர் யோசிக்கவே இல்லை. சாக்கு சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

வாசலில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ஹசான் நின்றார். மலாய்க்காரர், தோட்டத்துத் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. வெளியே போகிற சுமை எதுவானாலும் நீள இரும்புக் கம்பியால் குத்திப் பார்ப்பது அவர் வேலை. மாட்டு வண்டியில் மாவுச் சாக்குகளைப் பார்த்ததும் கம்பியை ஓங்கினார். கிராணியார் குறுக்கே போய் நின்றார்.

"தம்பி, உந்தக் கம்பி இதுக்கு முதல் எங்கை போனது?"

"சாணி வண்டிலதான் லா, கிராணி."

"அப்ப கழுவிப்போட்டுக் குத்தும்."

சோதனைக் கம்பியைக் கழுவச் சொன்னதற்காக ஸ்டேஷனுக்குப் போன ஆள் அவர் ஒருவராகத்தான் இருப்பார். இவருக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று இன்ஸ்பெக்டர் கூடப் போன என்னிடம் கேட்டார். ஆபீஸ் வேலையில் சரிதான் என்றேன். அதற்கு மேல் உத்தரவாதம் கொடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. சாக்கில் இருப்பது வைக்கோல் என்று இன்ஸ்பெக்டரே பிரித்துப் பார்த்துக்கொண்டார். ஆனால் வைக்கோலை வேகவைக்கிற ஆளை எப்படி நம்புவது? கடைசியில் ஒரு முடிவு சொன்னார். சாக்குகள் ஸ்டோரில் இருக்கட்டும், ஹசான் தினமும் போய்க் குத்திப் பார்ப்பார். தீபாவளிக்குள் காளான் வந்தால் சரி. வராவிட்டால், காட்டுக்கு உணவு கடத்த ஒத்திகை பார்த்தார் என்று உள்ளே தள்ளிவிடுவார்.

திரும்பும் வழியில் கிராணியார் முகம் செத்துக் கிடந்தது. ஜெயிலைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை.

"குத்தின சாக்கு பச்சைப் பூசணம் பிடிச்சு நாறிப் போகும். ஒண்டும் வராது, தம்பி."

அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு கெண்டி கொதிநீரோடு ஸ்டோருக்குப் போய், ஹசானின் கம்பிமேல் ஊற்றினார். ஹசான் தடை சொல்லவில்லை. மிச்சத் தண்ணீரில் கோப்பி கலந்து குடித்தார்.

தீபாவளி நெருங்கியது. சாக்கின் வாய்ப்பக்கம்தான் காளான் வரும் என்று கிராணியார் நம்பியிருந்தார். அங்கே ஒன்றும் இல்லை. ஜெயிலுக்குப் போகத் தயாராக அவர் மேசைக்கடியில் ஒரு பை வந்து உட்கார்ந்தது. உள்ளே கட்டிக்கொள்ள ஒரு சாரம், ஒரு துவாய், பல் விளக்கும் கரித்தூள். எனக்குக் கணக்கு எழுதக் கை ஓடவில்லை.

ஒரு காலை ஹசான் மூச்சிரைக்க ஆபீசுக்குள் வந்தார்.

"கிராணி, உங்க சாக்குக்குக் காது முளைச்சிருக்கு."

ஓடினோம். கம்பி போன ஓட்டை ஒவ்வொன்றிலும் கொத்துக் கொத்தாகக் காளான். இறுக்கிக் கட்டிய சாக்குக்குள் மூச்சு முட்டிக் கிடந்தது, ஓட்டையைக் கண்டதும் வெளியே வந்திருக்கிறது. கிராணியார் சாக்குகளைச் சுற்றி வந்தார். குத்துப் படாத ஒரு பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஹசானிடம் திரும்பினார்.

"இந்தப் பக்கம் நீர் ஏன் குத்தேல்லை?"

இன்ஸ்பெக்டரும் வந்தார். ஒரு கொத்தைப் பறித்துத் தொப்பிக்குள் போட்டுக்கொண்டு போனார். வழக்கு அதோடு முடிந்தது.

அன்று சாயங்காலம் எல்லா வீட்டிலும் காளான் குழம்பு. கிராணியார் ஒவ்வொரு வாசலிலும் நின்று, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று வழக்கமான சிடுசிடுத்த முகத்தோடு விசாரித்தார். ஒரு தாய் சொன்னாள்: "தட்டுல ஒண்ணும் மிச்சம் வெக்கலைங்க, ஐயா."

"ம்" என்றுவிட்டு அடுத்த வாசலுக்குப் போனார். கடைசி வீடு வரை கூடவே நடந்தேன். இந்த மனிதரை உள்ளே தள்ளியிருந்தால் அந்த எதிர் மேசையை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்?