ஸ்பிரிங் கதவுக் கடை

பயந்தவர்கள் அடங்கி ஒடுங்கி இருப்பார்கள் என்று பொதுவாக நம்பப்படுகிறது. என் அனுபவம் வேறு. என் வாழ்நாளில் நான் செய்த அதிகப்பிரசங்கித்தனங்கள் எல்லாமே, உள்ளங்கால் வரை நடுங்கிக்கொண்டிருந்த வேளைகளில் செய்தவை. அவற்றுள் தலையாயது, வெள்ளைக்காரர் ஆண்ட நாளில், பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்தில், என் மாமனாரை ஒரு மளிகைக் கடைக்குள் வைத்துப் பூட்டியது. (பூட்டியது நானல்ல, கதவு. இந்த வேறுபாட்டை எங்கள் வீட்டில் இன்றுவரை ஒருவரும் ஏற்றுக்கொண்டதில்லை.)

என் பயத்துக்குக் காரணம் ஒரு தகரப் பெட்டி.

என் கணவர் அந்த வீட்டின் இரண்டாவது பிள்ளை. நல்லவர். ஆனால் அவர் ஏர் பிடித்தால் உழுத சால் பாம்பு போல நெளியும். மாடுகள் நின்று திரும்பிப் பார்க்கும். காட்டுப்பாக்கத்துக் கழனியில் ஒரு நாள் அந்தக் காட்சியைக் கண்ட மாமனார், அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“கழனிக்கு நீ ஒதவ மாட்டே. இந்த ஊர்ல ஒரு கடைய வெச்சு ஒழுங்கா நடத்து. இல்லாங்காட்டி ரங்கூன்ல நம்ம பங்காளி அரிசி மில்லு கீது. கப்பல் ஏறிடு.”

“சரி நைனா” என்றார் இவர். இவர் எதற்கும் அப்படித்தான் சொல்வார்.

மாமனார் எதையும் முன்கூட்டியே செய்து வைக்கும் மனிதர். மறுவாரமே பச்சைத் தகரப் பெட்டி ஒன்று வந்தது. அதன் மூடியில் ‘ரங்கூன்’ என்று வெள்ளை எழுத்தில் எழுதியும் ஆகிவிட்டது. எங்கள் அறையில், பாயின் தலைமாட்டில் அது உட்கார்ந்துகொண்டது. எங்கள் பகுதியிலிருந்து ரங்கூன் போனவர்களில் சிலர் திரும்பி வந்திருந்தார்கள். சிலரிடமிருந்து கடிதம் மட்டும் வந்தது. சிலரிடமிருந்து அதுவும் நின்றுபோயிருந்தது. விடிந்ததும் நான் கண் விழிப்பது அந்த எழுத்தில்தான்.

என்ன மாதிரிக் கடை வைப்பது என்ற பேச்சு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. மாமனார் பலகைக் கடை என்றார். அதாவது, ஊரில் எல்லோரும் வைப்பது போல: காலையில் முன்பக்கப் பலகைகளைக் கழற்றி வைத்துவிட்டுக் கடைக்காரர் உயரத்தில் உட்கார்ந்திருப்பார், வாங்குபவர்கள் தெருவில் நின்று கேட்பார்கள். கணவரின் அண்ணன் வண்டிக் கடை என்றார். திருமுல்லைவாயில் திருவிழா, வானகரம், ஆவடி என்று கூட்டம் இருக்கும் இடத்துக்குக் கடையே போய்விடலாமாம்.

“நீ இன்னாடா சொல்றே?” என்று மாமனார் பிள்ளையைக் கேட்டார்.

“ரெண்டுமே நல்லாத்தான் கீது நைனா.”

ரங்கூனுக்குப் போகும் அடுத்த கப்பல் துறைமுகத்தில் வந்து நிற்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. கதவோரம் நின்றிருந்த நான், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமனார் எதிரே திறக்காத வாயைத் திறந்தேன்.

பட்டணத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். என் தகப்பனார் ஒரு முறை மவுண்ட் ரோட்டில் துரைமார்கள் போகும் பெரிய கடை ஒன்றுக்கு என்னை அழைத்துப் போயிருந்தார். அங்கே தெருவில் நின்று கேட்கும் வழக்கமே இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகலாம், அலமாரிகளுக்கு நடுவே நடக்கலாம், எடுத்துப் பார்க்கலாம், பிடித்தால் வாங்கலாம். இதை நான் விவரித்தேன். “தெருவில் நிற்பவர்கள் நினைத்து வந்ததை மட்டும் வாங்குவார்கள், மாமா. உள்ளே வந்தால் நினைக்காததையும் வாங்குவார்கள்” என்று முடித்தேன். முடிக்கும்போது என் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல எனக்கே கேட்டது.

மாமனார் வெகுநேரம் என்னைப் பார்த்தார். அவர் இருமினால் களத்துமேட்டில் காக்கைகள் எழும்பும். அன்று இருமவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

“சரிம்மா. உன் இஷ்டம் போல செய்யி. கடை உன்னுது. பெட்டி என்னுது.”

சாலையோரம் இருந்த பழைய நெல் கிடங்கு எங்களுக்குக் கிடைத்தது. ஒரே கதவு, சாலையைப் பார்த்த ஒரே சன்னல். அதுவும் நெல் திருடர்களை உத்தேசித்து உயரத்தில் வைத்த கம்பிச் சன்னல். வெள்ளையடித்தோம். சுவரோரம் அலமாரிகள் வைத்து, சோப்பு, தீப்பெட்டி, கண்ணாடி வளையல், சீப்பு முதல் வெல்லம், உப்பு, புளி வரை அடுக்கினோம். நடுவில் வாடிக்கையாளர் உலாவ இடம் விட்டோம். (உலாவுவதற்கு! பூந்தமல்லியில்!) மவுண்ட் ரோட்டுக் கடையில் கதவு தானாகவே மூடிக்கொண்டது நினைவுக்கு வர, மூர் மார்க்கெட்டிலிருந்து ஒரு ஸ்பிரிங் வாங்கி வரச் சொன்னேன். இவர் வாங்கி வந்தது, அநேகமாக ரயில் வண்டிக்குச் செய்தது. கதவுக்குப் பச்சை வண்ணம் கனமாகப் பூசி, பித்தளைக் குமிழ் வைத்து, ‘உள்ளே வரலாம்’ என்று என் கையாலேயே எழுதினேன்.

ஆவணியில் ஒரு நல்ல நாளில் கடை திறப்பு. முந்தின நாள் பெய்த மழையில் வண்ணம் முழுவதும் காயவில்லை. ஆனாலும் நாள் பார்த்தாயிற்று.

காலையிலேயே கூட்டம் வந்துவிட்டது. வந்து, தெருவிலேயே நின்றுவிட்டது. சாலையின் ஒரு பக்கம், நிலபுலம் உள்ள வீட்டுப் பெண்கள். அவர்களுக்கு முன்னால் பெரிய வீட்டு ராஜம்மாள், பட்டுப்புடவையில். மறுபக்கம், அவர்களுடைய கழனிகளில் கூலிவேலை செய்த சேரிப் பெண்கள். அவர்களுக்கு முன்னால் எங்கள் நடவுக்கு வரும் குப்பம்மாள். நடுவே கதவைப் பிடித்துக்கொண்டு நான்.

“உள்ளே வாங்க” என்றேன், பொதுவாக.

ராஜம்மாள் அருகே வந்து என் காதில் சொன்னார்: “அதுங்களும் உள்ள வருமாம்மா? வந்துச்சின்னா நாங்க எப்டி வர்றது?”

குப்பம்மாளைப் பார்த்தேன். அவள் காதில் விழாதவள் போல, உரக்கச் சொன்னாள்: “பெரியூட்டம்மா போயிட்டு வரட்டும் தாயீ. நாங்க நொழைஞ்சிட்டு அப்பால யாரு ஒத வாங்கறது?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பலகைக் கடையில் எல்லோரும் நிற்பது தெருவில். தள்ளித் தள்ளி நின்றாலும் தெரு தெருதான். உள்ளே என்று ஒன்றை உண்டாக்கிவிட்டால், யாருக்கு உள்ளே என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். மவுண்ட் ரோட்டுக் கடையிலும் அந்தக் கேள்வி இருந்தது. அங்கே என் தகப்பனார் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதை நான் வசதியாக மறந்திருந்தேன்.

வெயில் ஏறியது. ஒருவரும் அசையவில்லை. அந்த நேரத்தில் மாமனார் வந்தார். அவருக்குப் பின்னால் ஓர் ஆள், தலையில் தகரப் பெட்டியுடன். பெட்டி படியருகே இறக்கப்பட்டது. கூட்டம் அதன் மூடியை எழுத்துக்கூட்டிப் படித்தது.

“யாரும் வரலியா? நான் போணி பண்றேன்” என்று சொல்லிக்கொண்டு மாமனார் உள்ளே வந்தார். “பெட்டிய கட்ட நாலு மொழம் கயிறு குடும்மா.”

அவருக்குப் பின்னால் ஸ்பிரிங் தன் வேலையைச் செய்தது. கதவு அறைந்த சத்தத்தில் சாலையில் போன மாடு ஒன்று மிரண்டு ஓடியது. நான் கயிற்றை முழம் போட்டு அளந்தேன். இவர் அலமாரிப் பக்கம் திரும்பி நின்று, சோப்புகளை நேராக அடுக்கிக்கொண்டிருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது. மாமனார் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, கதவுக் குமிழைப் பிடித்து இழுத்தார். குமிழ் வந்தது. கதவு வரவில்லை.

ஈர வண்ணம் நிலையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. மழையில் மரமும் ஊறியிருந்தது. இவர் நகத்தால் இழுத்தார். நான் கரண்டியால் நெம்பினேன். கரண்டி வளைந்தது.

“வெளியேருந்து தள்ளுங்க!” என்று இவர் கத்தினார்.

வெளியே அமைதி. காரணம் எனக்கு உடனே புரிந்தது. அந்தக் கதவு உள்பக்கம் திறப்பது. தோள் கொடுத்துத் தள்ளுகிறவர் யாரோ, அவர்தான் முதலில் கடைக்குள் வந்து விழுவார். எந்தப் பக்கமும் அதற்குத் தயாராக இல்லை. காட்டுப்பாக்கத்திலிருந்து ஆசாரியைக் கூட்டிவர ஆள் ஓடியது மட்டும் கேட்டது.

மாமனார் பக்கம் திரும்பினேன். அவர் முகம் வெளுத்திருந்தது. வாழ்நாளெல்லாம் வானத்தின் கீழே நின்ற மனிதர். அடைத்த அறை அவருக்கு ஆகாது என்பது அவருடைய பிள்ளைக்கே தெரியாது. “மூச்சு முட்டுதுடா” என்றார், ஒரு குழந்தையின் குரலில். ஊரையே நடுங்க வைத்தவர் நடுங்குவதைப் பார்த்ததும் புதிதாக வந்த பயத்துக்கு முன்னால் எனக்கு அதுவரை இருந்த பயமெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. என் கடையில், போணி நேரத்தில், மாமனார் இறந்துவிடுவார். கொலைகாரி என்று என்னைச் சொல்வார்கள். இவரை ரங்கூனுக்கு அனுப்பக்கூட ஆள் இருக்காது. சன்னலருகே வெல்ல மூட்டையை இழுத்துப் போட்டு, அவரை அதன்மேல் உட்கார வைத்தோம். கம்பிகளைப் பிடித்துக்கொண்டு காற்றை வாங்கினார்.

தெருவிலிருந்து பார்க்க எப்படி இருந்திருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. முதலில் சிரித்தது குப்பம்மாள்தான்.

“இன்னா ஆண்டே, எங்கள உள்ள வுடக் கூடாதுன்னு நீங்களே உள்ள போயி மாட்டிக்கினீங்களா?”

எனக்கு உயிர் போயிற்று. மாமனார் கம்பிகளுக்கு இடையே அவளைப் பார்த்தார். இருமினார். காக்கைகள் எழும்பின.

“வாய் பாரு அவளுக்கு. இன்னா வோணும், சொல்லு.”

“ஒரு படி உப்பு.”

“ஏம்மா, உப்பு!” என்றார் என்னிடம்.

அவர் சன்னலை விட்டு நகர மாட்டார்; நகர்ந்தால் மூச்சு முட்டும். ஆகவே அவர்தான் கொடுக்க வேண்டியிருந்தது. நான் அளந்தேன்; இவர் பொட்டலம் கட்டினார்; மாமனார் கம்பி வழியாக நீட்டினார். குப்பம்மாள் எக்கி முந்தானையை ஏந்திக்கொண்டாள். அடுத்து ராஜம்மாளின் குரல்: “எனக்கு வெல்லம்.” மாமனார் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த மூட்டையையே பிரிக்கச் சொன்னார். பிறகு புளி, மிளகாய், வளையல். “இன்னும் பெரிய சைசு கீதா?” “அத்த காட்டு, அதுக்குப் பக்கத்துல கீறத.” நினைக்காததையெல்லாம் வாங்கினார்கள், உள்ளே வராமலேயே. நேரம் ஆக ஆக மாமனார் முகத்தில் இரத்தம் திரும்பியது. கடைசியில் அவர் கூவி விற்கவே ஆரம்பித்துவிட்டார்.

ஆசாரி வந்து, உளியால் சுரண்டி, கதவைத் திறந்தபோது அலமாரிகளில் பாதி காலி. மாமனார் வெளியே வந்து, நிமிர்ந்து, வானத்தைப் பார்த்தார். தோளில் அந்தக் கயிறு அப்படியே இருந்தது. பிறகு மகனைக் கூப்பிட்டார்.

“டேய், அந்தப் பொட்டிய எடுத்தா.”

அவ்வளவுதான், என்று நினைத்தேன். இவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினார். அந்த ஒரு பார்வை போதும். அதன் பிறகு எத்தனை வருஷம் அவர் பக்கத்திலேயே இருந்தாலும், அதை நான் மறக்கவில்லை.

மாமனார் கைத்தடியால் இடத்தைக் காட்டினார். “அங்க. சன்னலுக்குக் கீழ. எக்கி எக்கி நிக்கிறாங்க, பாவம்.”

பெட்டி சன்னலுக்குக் கீழே வைக்கப்பட்டது. மறுநாள் அதன்மேல் ராஜம்மாள் ஏறி நின்று தீப்பெட்டி வாங்கினார். அவர் இறங்கிய பிறகு குப்பம்மாள் ஏறினாள். ராஜம்மாள் முகத்தைச் சுளித்தார். ஆனால் மறுவாரமும் அதே பெட்டியில்தான் ஏறினார். அதனால் ஊர் திருந்திவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். நாங்கள் போய்வருவதற்குத் தவிர, வாங்க வருபவர்களுக்கு அந்தக் கதவைப் பிறகு திறக்கவே இல்லை; திறந்திருந்தால் பழைய கேள்வி திரும்பி வந்திருக்கும், அதற்கு எங்களில் எவருக்கும் தைரியம் இல்லை. பல வருஷம் கழித்து ஒரு முறை குப்பம்மாளை உள்ளே வரும்படி அழைத்தேன். “உன் கதவ நான் நம்ப மாட்டேன் தாயீ” என்று சன்னலுக்கே போய்விட்டாள். அவள் கதவைத்தான் சொன்னாளா என்று எனக்கு நிச்சயமில்லை.

ஊரில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பெட்டியில் ஏறி இறங்கினார்கள். இவர் மட்டும் ஏறவில்லை. அவர் உள்ளே பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் குடும்பத்தில் முக்காலிக்கு முக்காலி என்ற பெயர் அன்றோடு போயிற்று. இன்றும் என் கொள்ளுப்பேரன், பரண்மேல் இருக்கும் முறுக்கு டப்பா எட்டவில்லை என்றால், பயமே இல்லாமல் சமையலறையைப் பார்த்துக் கத்துகிறான்: “அம்மா, அந்த ரங்கூனைக் கொஞ்சம் இங்கே போடு!”