நாலுமணியாரின் துபாய்

உத்தமபாளையத்துக்குப் பக்கத்து ஊர் தேனி அல்ல, துபாய்தான் என்று சாதித்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தெரு நாலுமணியார்.

வேன் ஓட்டினார். வெளிநாடு போகிறவர்களைக் குமுளி மலை ஏற்றிக் கொச்சி ஏர்போர்ட்டில் இறக்குவது தொழில். அங்கிருந்து துபாய்க்கு நாலு மணி நேரம். விமானத்தின் படியைக்கூட மிதிக்காதவர், அந்த நாலு மணி நேரத்தைத் தானே ஓட்டிப் பார்த்ததுபோலப் பேசுவார்.

புருஷனை அனுப்ப வந்த பெண் வேனில் அழுதால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

"ஏ ஆத்தா, மெட்ராசுக்குப் போனவன் பொண்டாட்டியே சும்மா இருக்கா. அது ராத்திரி பூரா பஸ்ஸு. ஒம் புருசன் நாலு மணி நேரத்துல எறங்கிருவான். நம்ம வேன்தான் மலையேற முக்குது!"

அழுத பெண் சிரித்துவிடும். வளைவில் வாந்தி எடுப்பவர்களுக்கும் இதே மருந்துதான்.

ஒருநாள் டீக்கடையில் ஒருவர் மடக்கினார். "அம்புட்டுப் பக்கம்னா ஒம்ம மகன் ஏன்யா மூணு வருசமா வரல?"

"பக்கத்துல இருக்குறவன் எதுக்குய்யா அடிக்கடி வரணும்?"

கடையே சிரித்தது. இதை வீட்டில் போய்ச் சொன்னபோது அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லையாம்.

துபாயில் பிள்ளை இருக்கிற வீட்டில் சாவு விழுந்தால், முதல் ஆள் நாலுமணியாரைத் தேடித்தான் ஓடும். மகன் வந்து கொள்ளி வைக்க வேண்டுமே! அவர் வந்து விரல் மடக்கிக் கணக்குப் போட்டு, "நாளைக்குக் காலைல எடுத்துரலாம்" என்பார். அதன்பிறகுதான் மேளத்துக்கே சொல்லுவார்கள். பல தடவை பலித்தும் இருக்கிறது.

ஒரு மாசி மாதம் அவர் மனைவி போய்ச் சேர்ந்தார். ஐஸ் பெட்டி வந்தது. வழக்கம்போல நேரம் சொல்லிவிட்டு, கொச்சிக்குக் கிளம்ப டீசல் போட்டு வேனை வாசலில் நிறுத்திவிட்டார் நாலுமணியார்.

மகன் என் செல்போனில்தான் கூப்பிட்டான். "அண்ணே, என் பாஸ்போர்ட்டு கம்பெனிக்காரவுககிட்ட கெடக்கு. அத வச்சிருக்கவுக லீவுல போயிட்டாக. ஒரு வாரம் ஆகுமாம்ணே. ஆத்தாவ வச்சிருக்கச் சொல்லுங்கண்ணே..." அதற்கு மேல் அழுகைதான் கேட்டது.

சொன்னேன். அவர் என்னையே பார்த்தார்.

"ஒரு வாரமா? நாலு மணி நேரந்தானப்பா?"

மறுநாள் சாயங்காலம் பெரியவர்கள் தயங்கித் தயங்கி வந்தார்கள். "மாப்ள, இனி தாங்காது. எடுத்துருவோம்."

கொள்ளியை அவரே வைத்தார். ஒரு வாரம் கழித்து வந்த மகனைக் கொச்சிக்குப் போய்க் கூட்டிவந்ததும் அவரேதான். வழி நெடுக அப்பா வாயே திறக்கவில்லை என்றான் அவன்.

அடுத்த வருஷம் என் தங்கை புருஷன் துபாய்க்குக் கிளம்பினார். அதே வேன். அதே மலை. தங்கை தேம்ப ஆரம்பித்தாள். இதோ சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

வேனை ஓரங்கட்டினார். தண்ணீர் பாட்டிலைப் பின்னால் நீட்டினார்.

"தூரந்தான் ஆத்தா. அழுதுக்க."

மாமா, அந்த நாலு மணி நேரத்தை ஒரே ஒரு தடவை சொல்லிவிடுங்களேன் என்று கெஞ்ச வேண்டும்போல் இருந்தது எனக்கு.